காவிரிப் படுகையின் சைக்கிளோட்டிக்கு எந்த நெடுந்தூர நிகழ்வு ஏற்றது?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று காவிரிப் படுகையின் ஒவ்வோர் ஊரிலும் விடியற்காலையில் கியர் சைக்கிளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போய்வந்துவிட்டு, பிறகு குளித்து வேலைக்குக் கிளம்புகிறவர்கள் சிலராவது இன்று இருக்கிறார்கள். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர் என்று பலதரப்பட்டவர்கள் அவர்கள். ஓரிரு ஆண்டு இப்படி ஓட்டிய பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: நெடுந்தூர நிகழ்வு ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும், எதில் பெயர் கொடுப்பது? அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. நேர வரம்புக்குள் தனித்து முடிக்க வேண்டிய பிரெவே, வாகனத் துணையோடு பல நாள் நடக்கும் மலைச் சுற்றுப்பயணம், சொந்தத் துணைக்குழுவோடு ஓட்டும் அல்ட்ரா பந்தயம், நண்பர்கள் தாமே வகுத்துக்கொள்ளும் பயணம் ஆகியவையே அவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பமும் வேலையும் உள்ள ஒரு டெல்டாக்காரர் முதல் பருவத்தில் 200, 300 கிலோமீட்டர் பிரெவேக்களை ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஓட்டுவதே சரி என்பது என் கருத்து. 400 கிலோமீட்டரை ஓர் இரவுச் சோதனைக்குப் பிறகே முடிவுசெய்ய வேண்டும். மலைச் சுற்றுப்பயணத்துக்குத் தனியாக ஒரு பருவப் பயிற்சி தேவை. அல்ட்ரா பந்தயத்தை முதல் சில பருவங்களில் நினைக்கவே வேண்டியதில்லை. கிலோமீட்டர் கணக்கைக் காட்டிலும் நம் ஊர்க் காற்றும், இரவுச் சாலையும், விடுப்புக் கணக்குமே என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன.

பிரெவே ஒரு பந்தயம் அல்ல. முதலிடம், கடைசியிடம் என்ற வரிசை அங்கே கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்த அனைவரும் சமம். பிரான்ஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்ற சங்கம் உலகெங்கும் இதற்கான விதிகளை வகுத்து, முடித்தவர்களின் பெயரைத் தன் பதிவேட்டில் ஏற்றுகிறது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரான்டோனர்ஸ் என்ற அமைப்பு சென்னை, கோவை போன்ற நகரங்களின் சைக்கிள் குழுக்கள் வழியாக இந்நிகழ்வுகளை நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி, 1000-க்கு 75 மணி என்பவை வரம்புகள். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 ஆகிய நான்கையும் முடித்தவருக்குச் சூப்பர் ரான்டோனர் என்ற தகுதி கிடைக்கிறது. சாப்பிடுவதற்கோ, பஞ்சர் ஒட்டுவதற்கோ, கண்ணயர்வதற்கோ கடிகாரம் நிற்பதில்லை.

இந்த எண்களைக் காலை 5 மணிக்குக் கிளம்புவதாக வைத்து நேரமாக மாற்றிப் பார்த்தால் அவற்றின் உண்மையான அளவு விளங்கும். 200 கிலோமீட்டர் மாலை 6.30-க்குள் முடிய வேண்டும். ஆகவே அது ஒரு பகல். 300 கிலோமீட்டரின் வரம்பு நள்ளிரவு தாண்டி 1 மணி. பகலோடு இரவின் முற்பாதியும் சேர்கிறது. 400 கிலோமீட்டர் மறுநாள் காலை 8 மணிக்குத்தான் முடிகிறது, அதாவது முழு இரவும் சாலையிலேயே போகிறது. 600 கிலோமீட்டர் மறுநாள் இரவு 9 மணி வரை நீள்கிறது. தூங்காத உடலோடு இரண்டாம் பகலின் வெயிலைத் தாங்க வேண்டிய நிகழ்வு அது. 200-லிருந்து 300-க்குப் போவது தொலைவில் ஒரு படி. 300-லிருந்து 400-க்குப் போவதும் அதே நூறு கிலோமீட்டர்தான் என்றாலும், அது வேறு வகையான நிகழ்வுக்குள் நுழைவதாகும். பலரும் இந்த இரண்டு படிகளையும் ஒன்றாக எண்ணிப் பதிவுசெய்துவிடுகிறார்கள் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போதும் என்றதும் பால்காரர் சைக்கிள் கூட அதைவிட வேகமாகப் போகுமே என்று தோன்றலாம். ஓட்டும்போது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் வைத்திருப்பவருக்கு 200 கிலோமீட்டர் ஓட்ட ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மீதி நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையில் இருக்கும். கேட்பதற்கு இது தாராளம். ஆனால் கன்ட்ரோல் எனப்படும் வழிச் சோதனை நிலையம் ஒவ்வொன்றிலும் பிரெவே அட்டையில் முத்திரை வாங்குவது, காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, ஒரு பஞ்சர், வழி தவறித் திரும்புவது என்று அந்த நேரம் கரைவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இடையிலுள்ள கன்ட்ரோல்களுக்கும் மூடும் நேரம் உண்டு. நூறாவது கிலோமீட்டரில் உள்ள கன்ட்ரோலுக்கு 6 மணி 40 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆகையால் முற்பகலில் மெதுவாகப் போய்ப் பிற்பகலில் ஈடுகட்டலாம் என்ற திட்டம் எடுபடாது.

கன்ட்ரோல்களைத் தவிர வேறு எங்கும் வெளியார் உதவி பெறக்கூடாது என்பதும், பின்னால் கார் வரக்கூடாது என்பதும் பிரெவேயின் அடிப்படை விதிகள். வழிக்கடைகளில் வாங்கிச் சாப்பிடுவதற்கும் சக ஓட்டிகள் ஒருவருக்கொருவர் உதவுவதற்கும் தடையில்லை. நம் பகுதி இதற்கு இயல்பாகவே ஏற்ற பகுதி. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை, அதையொட்டி ஒரு பஞ்சர் கடை என்ற வாய்ப்பு நாட்டின் பல பகுதிகளில் கிடையாது. ஆனால் பஞ்சர் கடையில் நம் சைக்கிளின் மெல்லிய டியூப் இருக்காது. அந்த டியூபின் மெல்லிய காற்றுக்குழாயான பிரெஸ்டா வால்வுக்குப் பொருந்தும் பம்பும் இருக்காது. இரண்டு டியூப், ஒட்டுப்பட்டை, கைப்பம்பு, செயின் இணைப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்வதும், இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழகியிருப்பதும் அவசியம்.

இனி காற்று. மேடு இல்லாத நாட்டில் காற்றுதான் மேடு என்பதை இங்கே ஓட்டும் எவரும் அறிவார். ஆனால் நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பவர் சிலரே. மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மீது 18 கிலோமீட்டர் வேக எதிர்காற்று வீசினால், அவர் உடல் சந்திக்கும் காற்றின் வேகம் 40 கிலோமீட்டர். காற்றின் எதிர்விசை அந்த வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், காற்றில்லாத நேரத்தோடு ஒப்பிட அது மூன்று மடங்கைத் தாண்டிவிடும். போகும்போது இழந்ததை வரும்போது பின்காற்று திருப்பித் தந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. நூறு கிலோமீட்டரை 26 கிலோமீட்டர் வேகத்திலும் திரும்பும் நூறை 17 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட்டினால் மொத்தம் 9 மணி 44 நிமிடம் ஆகும்; இரு வேகங்களின் நடுவான 21.5-இல் சீராக ஓட்டியிருந்தால் 9 மணி 18 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் கழிக்கும் நேரம் நீளமானது என்பதே அதற்குக் காரணம்.

ஆகவே எந்த நிகழ்வு என்பதோடு எந்த மாதம் என்பதும் சேர்ந்தே முடிவாக வேண்டும். தஞ்சையிலிருந்து திருவாரூர், நாகை வழியாக வேளாங்கண்ணி போய்த் திரும்பும் பாதையை எடுத்துக்கொள்வோம். 200 கிலோமீட்டரை ஒட்டி வரும் அந்தப் பாதையில் டெல்டாவின் காற்று முழுவதையும் படித்துவிடலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கிழக்கே போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டுபோய் நாகையில் சேர்த்துவிடும். சேர்ந்த பிறகு, உச்சிவெயிலில் திரும்பும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூலி கேட்கும். தை, மாசியில் நிலைமை நேர்மாறு. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது கிழக்கே போய்விடலாம். முற்பகலுக்கு மேல் கடற்பக்கமிருந்து வீசத் தொடங்கும் காற்று திரும்பும் வழியில் துணையாக நிற்கும். பனியும் வெயிலும் மட்டாக இருக்கும் காலமும் அதுவே. முதல் பிரெவேக்கு ஜனவரி, பிப்ரவரி என்று நான் குறித்ததற்குக் காரணம் இதுதான்.

பிரெவேயில் ஓட்டிகள் ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிச் சென்று காற்றை மறைத்துக்கொள்வதற்கு இடமுண்டு. எதிர்காற்றில் நால்வர் முறைவைத்து முன்னால் போனால் தனியாகப் போகிறவரைவிட வெகுவாகக் களைப்புக் குறையும். நம் காலைக் குழுக்களில் இதற்கான பயிற்சி போதாது. பேசிக்கொண்டே இருவர் இருவராகப் போகும் பழக்கம்தான் மிகுதி. முன்சக்கரத்துக்கும் முன்னே போகிறவரின் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு சக்கர அளவு இடைவெளி வைத்து, திடீரென்று பிரேக் பிடிக்காமல், குழி வந்தால் கையால் காட்டி ஓட்டும் ஒழுங்கைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம்.

சமவெளியில் ஓட்டுவது எளிது என்ற எண்ணத்துக்கும் ஒரு திருத்தம் தேவை. மலையில் ஏறுபவர் இறங்கும்போது மிதிக்காமல் இளைப்பாறுகிறார். ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறார். நமக்கு இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. பத்து மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் கால் வலிப்பதற்கு முன்பே உள்ளங்கை மரத்துப்போவதும், சீட்டில் தோல் உரிவதும், பிடரி இறுகுவதும் அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று சிறிது தூரம் மிதிப்பதையும், ஹேண்டிலில் கை வைக்கும் இடத்தை மாற்றுவதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் இதே சமவெளிதான் நமக்கு ஒரு பெரிய பலத்தையும் தந்திருக்கிறது. நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாத ஒரே உழைப்பைப் பல மணி நேரம் தாங்கும் கால்கள் டெல்டாவில்தான் உருவாகின்றன. பிரெவே கேட்பதும் அந்தத் திறனைத்தான்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜனவரி, பிப்ரவரியில் காற்று நன்றாக இருந்தாலும் சாலை அப்படி இருப்பதில்லை. சம்பா அறுவடைக் காலம் அது. அறுவடை இயந்திரத்தின் பட்டையிலிருந்து விழுந்து காய்ந்த சேற்றுக்கட்டிகளும், வைக்கோல் பரப்பும், சாலையின் பாதியை அடைத்துக் காயப்போட்ட நெல்லும் கிராமத்துச் சாலைகளில் எங்கும் இருக்கும். பகலில் இவை தெரியும். இரவில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமலிருக்க ஓரங்களில் கருங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். வலங்கைமான் பக்கத்துச் சாலைகளில் இரவில் போய்ப் பாருங்கள். கருநீலத் தார்ப்பாய் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும்; அதன் ஓரத்துக் கல் வெளிச்சத்தில் முதலில் ஒரு நிழலாகத்தான் தெரியும், அது கல் என்று புரிவதற்குள் முன்சக்கரம் அதை நெருங்கிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏழு மீட்டர். கண்டு, புரிந்து, பிரேக் பிடிப்பதற்கு முன்பே பத்து மீட்டர் கடந்துபோயிருக்கும். முப்பது மீட்டர் தூரமாவது தெளிவாகக் காட்டும் முன்விளக்கும், அது அணைந்தால் மாற்ற இன்னொன்றும் இல்லாமல் 300 கிலோமீட்டருக்குப் பதிவு செய்யக்கூடாது. பிரெவே விதிகளே முன்பின் விளக்குகளையும், இரவில் வெளிச்சத்தை எதிரொளிக்கும் மேலங்கியையும் கட்டாயமாக்குகின்றன. விதிக்காக மட்டும் பெயரளவில் ஒரு சிறு விளக்கை மாட்டிக்கொண்டு வருவோரைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நமக்குக் குறையே இல்லை. நெடுநேர உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது பொதுவான வழிகாட்டல். இரண்டு பூவன் பழமும் ஒரு கடலைமிட்டாயும் அதன் கீழ்வரம்பை ஏறத்தாழத் தொட்டுவிடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போவது மட்டும் ஆபத்து. டெல்டாவின் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பு வெளியேறுவதால், உப்பில்லாத தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். உப்புப் போட்ட மோரும், ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், மதியத்துக்கு ஊறுகாயோடு தயிர்சாதமும் போதும்.

மலைச் சுற்றுப்பயணம் இதற்கு முற்றிலும் வேறான அனுபவம். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் இதற்கு நல்ல உதாரணம்; கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகியவற்றின் மலைச் சாலைகளில் டிசம்பர் மாதத்தில் பல நாள் நடக்கும் பயணம் அது. பையை வண்டி சுமக்கிறது, மெக்கானிக் கூட வருகிறார், இரவில் கட்டிலில் தூக்கம் கிடைக்கிறது. இரவுச் சாலைக்கு அஞ்சுகிறவர்களுக்கும், ஓட்டுவதோடு நாட்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் டெல்டாவிலிருந்து போகிறவருக்கு மூன்று தடைகள் உண்டு. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்துக்குச் சற்றே மேலுள்ள சமவெளியில் வாழும் நமக்குக் கொள்ளிடப் பாலத்தின் ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறி அதற்குத் தயாராக முடியாது. பச்சைமலைக்கோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ மாதம் இருமுறையாவது போய்ப் பழக வேண்டும். இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்பதும் அங்கே போனால்தான் தெரியும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும், கையும் சோர்ந்துவிடும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து வளைவில் பிரேக்கைத் தளர்த்தும் கலை சமவெளியில் கைவராது. இரண்டாவது தடை மழை. டிசம்பர் நிகழ்வுக்குத் தீவிரமாகப் பயிற்சி செய்ய வேண்டிய அக்டோபரும் நவம்பரும்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். மூன்றாவது விடுப்பு. அரையாண்டுத் தேர்வை விட்டுவிட்டு ஆசிரியர் ஒரு வாரம் போக முடியாது. சம்பாப் பயிர் வயலில் நிற்கும்போது விவசாயியும் போக முடியாது. இம்மூன்றையும் சமாளிக்க முடிந்தவர் தயங்காமல் போகலாம். மற்றவர்கள் பிரெவேக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அல்ட்ரா பந்தயங்களின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டரைத் தனிநபர் 12 நாளுக்குள் கடக்க வேண்டிய ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா 1982-இல் தொடங்கியது. 2017-இல் லெப்டினன்ட் கர்னல் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத்தும் டாக்டர் அமித் சமர்த்தும் அதைத் தனியாக முடித்தபோது இந்தியா முழுவதிலும் உள்ள சைக்கிளோட்டிகளுக்கு ஒரு வாசல் திறந்தது. அதற்குத் தகுதிப் போட்டியாக அமையும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் புணேயிலிருந்து கோவா வரை 643 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் இவ்வகைப் பந்தயத்தில் பெயர் கொடுப்பது ஓட்டுபவர் ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல. பின்னால் வண்டி ஓட்ட ஆள் வேண்டும், அவருக்கு மாற்றாள் வேண்டும், சாப்பாடும் வழியும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மைத்துனரும் நண்பர்களும் விடுப்பெடுத்து வந்து, ஓட்டுபவரைப் போலவே தூங்காமல், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை இரவு முழுவதும் உருட்ட வேண்டும். ஓட்டுபவரின் களைப்பைவிட அந்தக் காரை ஓட்டுபவரின் களைப்பே எனக்குப் பெரிய கவலை. செலவும் பல மடங்கு. ஒருவர் பின் ஒருவராகப் போய்க் காற்றை மறைத்துக்கொள்ளவும் அங்கே தனிநபர் பிரிவில் அனுமதி கிடையாது. ஒரு முறையாவது சூப்பர் ரான்டோனர் ஆனவர், தம் உடல் இரண்டாம் இரவில் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்தவர், இதைப் பற்றி யோசிக்கலாம்.

நண்பர்கள் தாமே வகுத்துக்கொள்ளும் பயணத்தைச் சிலர் குறைவாக எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கல்லணையில் கிளம்பி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக, காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் வரை போவது ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆறு பிரிந்து பிரிந்து மெலிந்து கடைசியில் ஒரு சிறு வாய்க்கால் போல ஆவதை ஒரே நாளில் கண்ணால் பார்த்துக்கொண்டே போகும் வாய்ப்பு எந்த நிகழ்வும் தராதது. பதிவுக் கட்டணம் இல்லை, ரயிலில் சைக்கிளைப் பார்சல் போட வேண்டியதில்லை, களைத்தவர் பேருந்தில் ஊர் திரும்பலாம். இதில் இல்லாதது ஒன்றுதான்: கடிகாரம். பத்துப் பேர் சேர்ந்து போகும்போது ஒருவருக்காக மற்றவர் நிற்பதும், படம் எடுப்பதும், சாப்பாடு நீள்வதும் இயல்பு, அது இன்பமானதும்கூட. நேரத்துக்குள் தன்னை நடத்திச் செல்லும் பழக்கம் மட்டும் அதில் வராது. ஆகவே பிரெவேக்கு முந்தைய மாதம், எட்டே முக்கால் மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டு இந்தப் பாதையைத் தனியாகவோ இருவராகவோ ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்ல ஒத்திகை.

பிரெவேக்கும் சொந்தப் பயணத்துக்கும் நடுவே பெரும்பாலோர் அறியாத ஒரு வகை உண்டு. ஃபிளெஷ் என்று பெயர். மூன்று முதல் ஐந்து சைக்கிள்கள் கொண்ட குழு, 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர் சேர்ந்து ஓட்ட வேண்டும். எந்த இடத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, கடைசி இரண்டு மணி நேரத்தில் 25 கிலோமீட்டராவது ஓட்டியாக வேண்டும். பாதையைக் குழுவே வகுத்துக்கொள்கிறது. நம் சமவெளிக்கும், ஒரே ஊரில் ஒன்றாகப் பழகிய குழுக்களுக்கும் இதைவிடப் பொருத்தமான வடிவம் இருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு கடலோரமாகவும், இரவில் நன்கு விளக்கெரியும் ஊர்கள் வழியாகவும் பாதையைப் போட்டுக்கொள்ளும் உரிமை நம் கையில் இருக்கும். நிகழ்வு நாட்காட்டியில் இது இடம்பெறும் ஆண்டில் 400 கிலோமீட்டருக்குப் பதிலாக இதையே எடுக்கச் சொல்வேன். முதல் முழு இரவைத் தெரிந்த நால்வரோடு கழிப்பது தனியே கழிப்பதைவிட எல்லா வகையிலும் மேல்.

பெண் ஓட்டிகளுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு வரி கூடுகிறது, அதை ஆண்கள் எழுதும் ஆலோசனைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. டெல்டாச் சாலைகளில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை, கழிப்பறைக்குப் பஞ்சம். பெட்ரோல் பங்க்குகளையும் கோயில் நகரங்களின் கட்டணக் கழிப்பறைகளையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது உடம்புக்குக் கெடுதல். இரவு நேரத்தில் ஊர்களுக்கு நடுவே தனியாக ஓட்ட வேண்டிய நிலை வராதபடி, ஒரே வேகமுள்ள இன்னொருவரோடு முடிவுவரை சேர்ந்தே ஓட்டுவது என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது. 200 கிலோமீட்டர் பகலிலேயே முடிந்துவிடுவதால் முதல் நிகழ்வாக அது இவர்களுக்கும் பொருந்துகிறது. நடத்தும் குழுக்கள் கன்ட்ரோல்களைக் கழிப்பறை உள்ள இடங்களில் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். பதிவு செய்யும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

சூப்பர் ரான்டோனர் ஆக வேண்டும் என்ற நோக்கத்தோடு வருகிறவர்கள் நாட்காட்டியை ஒருமுறை கவனிக்க வேண்டும். பிரெவே பருவம் நவம்பர் முதல் தேதி தொடங்கி அடுத்த அக்டோபரில் முடிகிறது. முதல் இரண்டு மாதங்கள் நமக்கு மழையில் போய்விடும். சித்திரை, வைகாசியில் 600 கிலோமீட்டர் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரித் தொடக்கத்தில் 200, மாதக் கடைசியில் 300, பிப்ரவரியில் 400, மார்ச் முதல் வாரத்துக்குள் 600 என்று நெருக்கமாக முடிப்பதே டெல்டாக்காரருக்குள்ள வழி. அந்த நெருக்கத்தை முதல் பருவத்திலேயே உடலால் தாங்க முடியாது என்பதும் 300-இல் நிறுத்திக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு காரணம். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, 1931 முதல் பந்தயக்காரர் அல்லாதவர்களுக்கெனத் தனி நிகழ்வும் தந்து, இன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பலரின் கனவு. சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய அந்த நிகழ்வில் கலந்துகொள்ள, அதே ஆண்டில் இந்த நான்கு பிரெவேக்களையும் முடித்திருக்க வேண்டும். பெரிய மலை இல்லாவிட்டாலும் சிறு சிறு மேடுகளாகவே மொத்த ஏற்றம் பத்தாயிரம் மீட்டரைத் தாண்டும் பாதை அது. சமவெளியிலேயே நான்கையும் முடித்துத் தகுதி பெற்றவர், அங்கே போவதற்கு முன் திருச்சிக்கு அப்பாலுள்ள மலைகளில் ஒரு பருவம் கழித்துவிட்டுப் போக வேண்டும்.

300 கிலோமீட்டரை முடித்துவிட்டு 400-க்குப் பெயர் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை எளியது. வழக்கம்போல வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை, இரவு பத்து மணிக்கு இருவராகவோ மூவராகவோ கிளம்பி, கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி, காரைக்கால் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும் பாதையில் விடியும்வரை ஓட்டுங்கள். வேகம் முக்கியமில்லை. அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கண் சொருகுகிறதா, சாலையின் கோடு இரண்டாகத் தெரிகிறதா, பக்கத்தில் வருபவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதமாகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி நேர்ந்தால் உடனே நிறுத்தி, பேருந்து நிலையத்திலோ பெட்ரோல் பங்க்கிலோ உட்கார்ந்து விடிந்த பிறகு திரும்புங்கள். இந்தப் பருவத்துக்கு 300 போதும், அடுத்த ஆண்டு இதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள். விடியும்போது பசியோடும் தெளிவோடும் டீக்கடையில் இறங்கினீர்கள் என்றால், பிப்ரவரி நாட்காட்டியில் பக்கத்து நகரங்களின் 400 கிலோமீட்டர் எது என்று அன்றைக்கே பார்த்துப் பதிவு செய்யலாம்.